வீட்டுப் படமும் அளவுகோலும்

(திருவண்ணாமலையில் ஊராட்சிப் பணியாளர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அளவு. அளவு என்பது கொத்தனாருக்கும் தச்சருக்கும் உரிய செய்தி. ஊராட்சி உறுப்பினருக்கும் உழவருக்கும் அதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் ஊரில் ஒரு வீடு கட்டப்படும்போது, அதற்குரிய பணம் வந்து சேர்வதும் இடையில் நின்றுவிடுவதும் அளவைப் பொறுத்தே இருக்கின்றன. அண்டை வீட்டாரோடு உறவு நிலைப்பதும் முறிவதும் பல வேளைகளில் அரை அடி நிலத்தைப் பொறுத்து அமைகின்றன. ஆகவே அளவைப் பற்றிப் பேசுவது நம் பணத்தைப் பற்றியும் நம் ஊரின் அமைதியைப் பற்றியும் பேசுவதே ஆகும்.

முன்னாளில் வீட்டுப் படம் காகிதத்தில் வரையப்பட்டது. இன்று அது பெரும்பாலும் கணினியில் வரையப்படுகின்றது. ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ஃப்ரீகேட் முதலிய மென்பொருள்களைக் கொண்டு, சுவரும் கூரையும் வாயிலும் சன்னலும் அமைந்த முழு வீட்டையும் திரையிலே எழுப்பிக் காட்டுகின்றனர். படம் கண்ணுக்கு அழகாக இருக்கின்றது. ஆனால் அது எந்த அளவில் வரையப்பட்டது? கட்டும்போது எவ்வளவு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம்? இவ்விரண்டு வினாக்களுக்கும் முதற்கோடு வரையுமுன்பே விடை எழுதி வைத்துவிட வேண்டும். நாம் இன்று வலியுறுத்த விரும்புவது இது ஒன்றே.

முன்னோர் கண்ட முறை

இது கணினியோடு பிறந்த சிக்கல் அன்று. சோழர் காலத்தில் நிலம் கோலால் அளக்கப்பட்டது. கல்வெட்டுகளில் பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் எனப் பலவகைக் கோல்கள் பேசப்படுகின்றன. முதலாம் இராசராசன் காலத்தில் கி.பி. 1001-ஐ ஒட்டியும், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 1086-இலும் நாடு முழுவதும் அளக்கப்பட்டது. கோல் வேறுபட்டால் நிலத்தின் பரப்பு வேறுபடும். பரப்பு வேறுபட்டால் வரி வேறுபடும். இதனை நன்கு உணர்ந்த நம் முன்னோர், கோலின் நீளத்தைக் கோயிற் சுவரிலே கோடாக வெட்டி வைத்தனர். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் அக்கோடுகளை இன்றும் காணலாம். ஐயம் எழுந்தால் எவரும் தம் கோலைக் கொண்டுவந்து அந்தக் கோட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். எந்த அளவு என்பது ஊரார் அனைவரும் காணும் இடத்தில் எழுதப்பட்டிருந்தது என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

சிற்ப நூல்களும் இதில் கருத்தாக இருந்தன. மயமதம் என்னும் நூல் எட்டு யவை ஓர் அங்குலம் என்றும், 24 அங்குலம் ஒரு முழம் என்றும் கூறுகின்றது. அத்துடன் நில்லாது 25, 26, 27 அங்குலங் கொண்ட முழங்களையும் சொல்லி, எந்த வேலைக்கு எந்த முழம் என்றும் வகுக்கின்றது. அளவு எத்தனை வகையாக இருந்தாலும் குற்றமில்லை. இந்த வேலைக்கு இந்த அளவு என்று முன்கூட்டியே கூறிவிட வேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

ஒரு சொல், இரண்டு நீளம்

அங்குலம் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். கடையில் விற்கும் நாடாவில் உள்ள அங்குலம் 25.4 மில்லிமீட்டர். கோயில் திருப்பணி செய்யும் ஸ்தபதியர் வழங்கும் தச்சுமுழம் 33 அங்குல நீளமுள்ளது. அதனை 24 பங்காக்கினால் ஒரு பங்கு 1⅜ அங்குலம், அதாவது ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். அந்தப் பங்கிற்கும் அங்குலம் என்றே பெயர். ஊர்க்கோயில் மண்டபத்திற்கு ஸ்தபதி சொல்லும் 24 அங்குலத்தை, கணினியில் படம் வரையும் இளைஞர் தம் அங்குலம் என்று கொண்டால், 33 அங்குலம் இருக்க வேண்டிய இடம் 24 ஆகிவிடும். இருவரும் தவறு செய்யவில்லை. ஆயினும் கல் பொருந்தாது. சொல் ஒன்றாக இருப்பதாலேயே ஐயம் எழாமற் போகின்றது. ஐயம் எழாததாலேயே கேடு நேர்கின்றது.

உலகம் முழுவதும் இத்தகைய கேடு நேர்ந்ததுண்டு. 1983 சூலை மாதத்தில் கனடா நாட்டில் ஏர் கனடா விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து நடுவானில் இயந்திரங்கள் நின்று போயிற்று. அந்நாடு அப்போதுதான் பழைய அளவிலிருந்து மெட்ரிக் அளவுக்கு மாறிக்கொண்டிருந்தது. கிலோகிராமில் கணக்கிட வேண்டிய எரிபொருளைப் பவுண்டில் கணக்கிட்டதனால், தேவையானதில் பாதிக்கும் குறைவாகவே நிரப்பியிருந்தனர். விமானியின் திறமையால் விமானம் சறுக்கிப் பறந்து கிம்லி என்னும் ஊரில் இறங்கியது; உயிர்ச்சேதம் இல்லை. கற்றவர்கள் பலர் சரிபார்த்த இடத்திலேயே இவ்வாறு நேருமாயின், ஊரில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

சட்டம் ஒன்று, வழக்கம் ஒன்று

நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இன்று நடப்பிலுள்ள 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் மெட்ரிக் அளவையையே வற்புறுத்துகின்றது. ஆயினும் வீடு என்றால் சதுர அடி, மனை என்றால் சென்ட், சுவர் என்றால் ஒன்பது அங்குலம் என்பதே நம் நாவில் வருகின்றது.

அரசின் திட்டங்களிலும் இவ்விரு வழக்குகளைக் காணலாம். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தில் வீட்டின் பரப்பு குறைந்தது 25 சதுர மீட்டர் இருக்க வேண்டும். தமிழக அரசு 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. ஒன்று மீட்டரிலும் மற்றொன்று அடியிலும் பேசுகின்றன. ஒரே ஊராட்சியில், ஒரே கொத்தனார், ஒரே நாடாவைக் கொண்டு இரண்டு வீடுகளையும் கட்ட நேரிடும்.

இதில் ஏற்படும் பிழையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 360 சதுர அடிக்கு 18 அடி அகலமும் 20 அடி நீளமும் கொள்வோம். ஓர் அடி சரியாக 30.48 சென்டிமீட்டர். ஆனால் பேச்சு வழக்கில் அடிக்கு முப்பது சென்டிமீட்டர் என்று கொள்வோர் பலர். அவ்வாறு கொண்டு 5.40 மீட்டர், 6.00 மீட்டர் என்று படம் வரைந்தால் பரப்பு 32.40 சதுர மீட்டர். அதாவது 348¾ சதுர அடி. பதினொரு சதுர அடிக்கு மேல் குறைந்துவிட்டது! சரியான கணக்குப்படி 5.49 மீட்டரும் 6.10 மீட்டரும் இருந்திருக்க வேண்டும். மூன்றடி ஒரு மீட்டர் என்று கணக்கிடுவோரும் உண்டு. அவர்கள் வரையும் வீடு 40 சதுர மீட்டராகி, 430 சதுர அடியைத் தாண்டும். எழுபது சதுர அடிக்கு வேண்டிய செங்கல்லும் சிமெண்டும் கம்பியும் பயனாளியின் கைப்பணத்திலிருந்து போகும்.

25 சதுர மீட்டர் வீட்டில் வேறொரு பள்ளம் இருக்கின்றது. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் என்று கொண்டால், கணினி அதனை அடியில் 16.4 என்று காட்டும். அதனைக் கண்ட கொத்தனார் 16 அடி 4 அங்குலம் என்று நூல் பிடிப்பார். ஆனால் ஓர் அடியில் பத்தில் நான்கு பங்கு நான்கு அங்குலம் அன்று. ஏறத்தாழ ஐந்து அங்குலம். புள்ளிக்குப் பின் வருவது பத்தின் பங்கு. அங்குலமோ பன்னிரண்டின் பங்கு. சுவருக்கு முக்கால் அங்குலத்திற்கும் சற்று மேலாகக் குறையும். "பதினாறு அடி போதும்" என்று முழு எண்ணாக்கிவிட்டால், பரப்பு 23.78 சதுர மீட்டராகக் குறைந்துவிடும். பொறியாளர் வந்து அளந்து அளவுப் புத்தகத்தில் பதியும் நாளில், சுவரை இடித்து நகர்த்தவும் இயலாது. குறையை மறைக்கவும் இயலாது. ஏழை வீட்டுக்காரர்தான் இடையில் தவிப்பார்.

பட்டாவும் இவ்வாறே. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று எழுதப்படுகின்றது. ஓர் ஏர் நூறு சதுர மீட்டர்; ஏறத்தாழ 2.47 சென்ட். ஒன்றரை ஏர் மனை என்பது 3.71 சென்ட். அதனை "மூன்றே முக்கால் சென்ட்" என்று பேசி வாங்கினால், பத்தொன்பது சதுர அடி காற்றிலே நிற்கும். மனையின் ஒரு பக்கம் நாற்பது அடியாக இருந்தால், அது அரை அடி அகலத்துக்கு நெருங்கிவிடும். அந்த அரை அடிக்காகவே பக்கத்து வீட்டோடு வழக்கு எழும். பழைய புலப்படங்களில் எல்லையின் நீளம் லிங்க் அளவில் இருக்கும். புதியவற்றில் மீட்டரில் இருக்கும். 50 லிங்க் என்பது 33 அடி. லிங்கை அடி என்று கொண்டு கணினியில் வரைந்தால், இல்லாத பதினேழு அடி நிலத்தில் திண்ணை கட்டியவர்களாவோம்.

மென்பொருளில் செய்ய வேண்டுவது

மென்பொருளைத் திறந்தவுடன் அது ஏதேனும் ஓர் அலகைத் தானே எடுத்துக்கொண்டிருக்கும். சிலவற்றில் அங்குலம், சிலவற்றில் மில்லிமீட்டர். ஆட்டோகேட்டில் கோட்டின் நீளம் வெறும் எண்தான். அந்த எண் மீட்டரா மில்லிமீட்டரா என்பது வரைபவர் மனத்தில் இருக்கின்றது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, அமைப்புப் பக்கத்திற்குச் சென்று அலகைத் தேர்ந்தெடுப்பது. வீட்டுக்கு மில்லிமீட்டர், நிலத்துக்கு மீட்டர் என்று கொள்வது நன்று. அடியில்தான் வேண்டும் என்றால் அடியும் அங்குலமும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பத்தின் பங்காகக் காட்டும் அடியைத் தவிர்த்தல் வேண்டும்.

ஒருவர் வரைந்த படத்தை மற்றொருவர் கணினியில் எடுக்கும்போது அலகு மாறிவிடுவதுண்டு. மில்லிமீட்டரில் வரைந்ததை அங்குலம் என்று கொண்டால் 25.4 மடங்கு பெரிதாகும். 20 அடிச் சுவர் 508 அடியாகும். நம் அண்ணாமலையார் கோயில் இராசகோபுரத்தைப் போல இருமடங்குக்கு மேல்! இத்தகைய பெரும்பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். அஞ்ச வேண்டியது சிறு பிழையைத்தான். அடிக்கு அரைச் சென்டிமீட்டர் குறைந்த வீடு திரையில் பார்ப்பதற்கு முழு வீடாகவே தோன்றும். ஆதலால் படத்தைப் பெற்றவுடன், நமக்குத் தெரிந்த ஓர் அளவை, வாயிற்கதவின் உயரத்தையோ ஒரு சுவரின் முழு நீளத்தையோ, திரையில் அளக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, எண்ணை எவ்வளவு நுட்பமாகக் காட்டுவது என்பது. இராசகோபுரத்தின் உயரம் 217 அடி என்பர். 66 மீட்டர் என்றும் எழுதுவர். இரண்டும் நுட்பமாக ஒன்றல்ல. அரை அடி அளவுக்கு வேறுபாடு உண்டு. கோபுரத்தைக் கண்டு வணங்க வருவோருக்கு அதனால் குறையொன்றுமில்லை. ஆனால் அதே அரை அடி ஒரு வாயிலில் வேறுபட்டால் கதவு மாட்ட முடியாது. பயன் எதுவோ அதற்கேற்ற நுட்பம் போதும்.

திரையில் காணும் எண்ணும் உள்ளே இருக்கும் எண்ணும் ஒன்றாக இராமலும் போகலாம். ஸ்கெட்ச்அப் மென்பொருளில் எண்ணுக்கு முன்னே அலைபோன்ற ஒரு சிறு குறி தோன்றினால், காட்டிய எண் முழு உண்மை அன்று, சுருக்கப்பட்டது என்பது பொருள். பத்தடி உயரத்துக்குப் பதினெட்டுப் படி அமைப்பதாகக் கொள்வோம். உயரம் 3048 மில்லிமீட்டர். ஒரு படி 169.33. திரை அதனைச் சுருக்கி 17 சென்டிமீட்டர் என்று காட்டினால், கொத்தனார் படிக்குப் படி பதினேழாக வைத்துச் செல்வார். மேலே செல்லும்போது 12 மில்லிமீட்டர் மிகுந்து, கடைசிப்படி மட்டும் தாழ்ந்துவிடும். கிழவரும் குழந்தையும் இடறுவது அந்தப் படியில்தான். இதற்கு மாற்று எளிது: துண்டு துண்டாக அளந்து கூட்டாமல், ஒவ்வோர் அளவையும் தொடங்கிய புள்ளியிலிருந்தே எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

எதிர்மாறான பிழையும் உண்டு. சுவர் நீளம் 6096.37 என்று எழுதிய படத்தை மேசைமீது வைத்தால் கற்றவர் வேலை என்று மகிழ்வோம். கொத்தனாரின் நாடாவில் அந்த முப்பத்தேழுக்குக் கோடு ஏது? அளக்க இயலாத எண்ணை எழுதுவது நுட்பமன்று, வீண் ஆரவாரமே.

பொறுத்துக்கொள்ளத்தக்க வேறுபாடு

மனிதக் கையால் செய்யும் வேலையில் வேறுபாடு இருந்தே தீரும். எவ்வளவு வேறுபாடு தகும், எவ்வளவு தகாது என்பதை முன்பே வரையறுப்பதுதான் அறிவுடைமை. இந்தியத் தர நிர்ணயங்கள் இதனைத் தெளிவாகக் கூறுகின்றன. 190 மில்லிமீட்டர் நீளமுள்ள செங்கற்கள் இருபதை வரிசையாக வைத்தால் நீளம் 3800 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 3720-க்குக் குறையாமலும் 3880-க்கு மேற்படாமலும் இருந்தால் ஏற்கலாம். ஒரு கல்லை அளந்து குறை கூறாமல் இருபது கல்லை அளந்து முடிவு செய்யும் இந்த முறை எவ்வளவு நேர்மையானது! சூளையிலிருந்து வண்டி வந்தவுடன் ஊரிலேயே இதனைச் செய்து பார்க்கலாம். ஊரில் வழங்கும் ஒன்பது அங்குலக் கல்லுக்கும் முறை இதுவே. எண்ணை மட்டும் அக்கல்லுக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

கான்கிரீட் வேலைக்கு உரிய விதி மேலும் சிந்திக்கத்தக்கது. தூணின் குறுக்களவு 12 மில்லிமீட்டர் வரை கூடலாம். ஆனால் 6 மில்லிமீட்டருக்கு மேல் குறையலாகாது. அடித்தளத்தின் நீள அகலம் 50 மில்லிமீட்டர் வரை கூடலாம். குறைவதோ 12 வரைதான். கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட் மூடுபடலம் 10 மில்லிமீட்டர் வரை கூடலாம். குறைவதற்கு இடமே இல்லை. மூடுபடலம் குறைந்தால் ஈரம் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். சில ஆண்டுகளில் கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து விழும். ஆகவே கூடுதலுக்கு ஓர் எல்லை, குறைவுக்கு வேறோர் எல்லை என்று விதி செய்தனர். கூடினால் சிறிது செலவு. குறைந்தால் உயிருக்குக் கேடு.

இக்கருத்தை நம் வீடுகளுக்கும் பொருத்திக்கொள்ளலாம். வீட்டின் பரப்பு திட்டம் சொல்லும் அளவுக்குக் குறையலாகாது. சிறிது கூடினால் குற்றமில்லை. எல்லைச் சுவரோ நம் பக்கம் சிறிது உள்வாங்கலாம்; அடுத்தவர் நிலத்தில் ஒரு விரற்கடையும் நுழையலாகாது. வேறுபாடு எந்தப் பக்கம் தகும் என்பதையும் எழுதினால்தான் விதி நிறைவுபெறும்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, எந்தப் படத்தை ஊராட்சி ஏற்றாலும், அதன் மூலையில் "எல்லா அளவும் மில்லிமீட்டரில்" என்றோ "அடி, அங்குலத்தில்" என்றோ எழுதியிருக்க வேண்டும். எழுதாத படத்தைத் திருப்பி அனுப்புதல் நன்று.

இரண்டாவது, படத்தில் காட்டிய அளவு சுவருக்கு உள்ளளவா வெளியளவா, பூச்சுக்கு முன்னா பின்னா என்று எழுதியிருக்க வேண்டும். ஒன்பது அங்குலச் சுவர் இரு பக்கமும் இருந்தால், உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் ஒன்றரை அடி வேறுபாடு. திட்டம் கூறும் பரப்பு எந்த அளவைக் குறிக்கின்றது என்பதை ஒன்றியப் பொறியாளரிடம் கேட்டறிந்து அதனையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நாடாவின் ஒரு பக்கம் அங்குலமும் மற்றொரு பக்கம் சென்டிமீட்டரும் இருக்கும். ஒரு வேலையில் தொடங்கியது முதல் முடியும்வரை ஒரு பக்கத்தையே பயன்படுத்த வேண்டும். இழுத்தால் நீளும் துணி நாடாவைத் தவிர்த்து எஃகு நாடாவைக் கொள்ள வேண்டும்.

நான்காவது, கடைக்கால் தோண்டுமுன் நான்கு மூலையிலும் முளையடித்துக் குறுக்களவு இரண்டையும் அளக்க வேண்டும். 18 அடிக்கு 20 அடி வீட்டில் குறுக்களவு 26 அடி 10⅞ அங்குலம், மீட்டரில் 8.20. இரண்டு குறுக்களவும் ஒத்திருந்தால் மூலைமட்டம் சரி. அரை அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் நூலை மீண்டும் கட்ட வேண்டும். மண்ணில் நூலை நகர்த்தச் செலவில்லை. சுவரை நகர்த்தத்தான் செலவு.

ஐந்தாவது, வேலைக்குரிய அலகும் ஏற்கத்தக்க வேறுபாடும் கொண்ட ஒரு தாளை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் அதனைக் கண்டு தம் வீட்டைத் தாமே அளந்து பார்க்கலாம்.

நண்பர்களே, கணினி மிக நல்ல ஏவலாள். ஆயினும் எந்தக் கோலால் அளப்பது என்பதை அது நமக்காக முடிவு செய்யாது. நாம் சொன்ன கோலால் அளந்து தரும், அவ்வளவே. கோலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும், எவ்வளவு பொறுக்கலாம் என்று வரையறுக்கும் பொறுப்பும் நம்முடையவை. அவ்விரண்டையும் வேலை தொடங்குமுன் எழுத்தில் வைத்துவிட்டால், ஏழையின் வீட்டுக்குரிய தவணைப் பணம் தடைபடாது. அண்டை வீட்டாரிடையே பகை மூளாது. அளக்க வரும் அலுவலரும் கட்டிய கொத்தனாரும் வீட்டுக்குரியவரும் ஒரே எண்ணைச் சொல்வர். அத்தகைய ஊராட்சியாக நம் ஒவ்வோர் ஊராட்சியும் விளங்க வேண்டும்.